பழைய கார் வாங்குவோம், பேப்பரோடு வாங்குவோம்!

(இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு)

முன்னுரை

பிஸ்டன் ரிங் தேய்ந்தால் புகை நீலமாக வரும் என்று நம்மைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வோம். ஆனால் வீட்டில் ஒரு பழைய கார் வாங்கும்போது, "நீதான் படிச்சவன், இந்தப் பேப்பரைப் பாரு" என்று கையில் கொடுத்தால் பலருக்கு முழி பிதுங்கிவிடுகிறது.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் கம்பெனி வேலைக்குப் போகும் குடும்பங்களில் முதல் கார் என்பது பெரும்பாலும் பழைய கார்தான். அதுவும் தெரிந்தவரிடம், வாய்ப்பேச்சில் வாங்குவது. பணம் கொடுத்ததும் வண்டி அன்றே வாசலுக்கு வந்துவிடும். ஆர்.சி.யில் பெயர் மாறுவது மட்டும் அடுத்த வாரம், அடுத்த மாசம் என்று இழுக்கும். இந்த இடைப்பட்ட நாட்களில் வண்டிக்கு யார் பொறுப்பு? அதை விளக்குவதே இக்கட்டுரை.

வண்டி யாருடையது?

1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டப்படி, விற்பவரும் வாங்குபவரும் மனமொத்துப் பணமும் வண்டியும் கைமாறினால், அவர்கள் இருவருக்குள் விற்பனை முடிந்தது. ஆனால் ரோட்டில் விபத்து நடந்தால் கதை வேறு. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 2(30)-ஆம் பிரிவில், யார் பெயரில் வண்டி பதிவாகியிருக்கிறதோ அவரே உரிமையாளர் என்கிறது.

இதற்கு ஒரு வழக்கு உதாரணம். வடஇந்தியாவில் ஒருவர் 2007-இல் தன் காரை விற்றார். அது இன்னும் சில கைகள் மாறியது. யாரும் பெயர் மாற்றவில்லை. 2009 மே மாதம் அந்தக் கார் பின்னால் எடுக்கும்போது இடித்து ஒரு உயிர் போனது. வண்டிக்கு இன்சூரன்சும் இல்லை. நஷ்ட ஈடு யார் தருவது? கடைசியாக வாங்கியவர் அல்ல, பதிவில் பெயர் உள்ள முதல் மனிதரே என்று 2018 பிப்ரவரி 6 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடிபட்ட குடும்பம் ஒவ்வொரு கையாகத் தேடி அலைய முடியாது என்பதே காரணம்.

நம் ஊரிலும் பார்த்தோம். 2022 அக்டோபர் 23 அன்று கோவை உக்கடத்தில் கோட்டை ஈஸ்வரன் கோவில் அருகே வெடித்த மாருதி 800 பல கைகள் மாறிய வண்டி. போலீஸ் பழைய உரிமையாளர்களை ஒவ்வொருவராகத் தேடிப் போக வேண்டியதாயிற்று. ஆகவே பேப்பர் தாமதமானால் வாங்குபவருக்கு மட்டும்தான் கஷ்டம் என்று நினைப்பது தப்பு. விற்றவர் தலைமேலும் கத்தி தொங்குகிறது.

சட்டம் தரும் கெடு

சட்டத்தின் 50-ஆம் பிரிவுப்படி, வண்டி அதே மாநிலத்தில் பதிவானதாக இருந்தால் விற்றவர் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். இதற்குப் படிவம் 29. வாங்கியவர் 30 நாளுக்குள் படிவம் 30-இல் பெயர் மாற்றம் கேட்க வேண்டும்.

ஏன் தாமதம் ஆகிறது?

முதல் காரணம் கடன். பாங்கில் கடன் அடைத்திருப்பார்கள், ஆர்.சி.யில் பாங்க் பெயர் அப்படியே இருக்கும். பாங்கின் தடையில்லாச் சான்றும் படிவம் 35-ம் கொடுத்து அதை எடுத்த பிறகே பெயர் மாற்றம் சிக்கலில்லாமல் நடக்கும்.

இரண்டாவது, பதிவில் உள்ளவர் இறந்திருப்பார். மகன் வந்து விற்பார். வாரிசு 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் படிவம் 31 கொடுத்துத் தன் பெயருக்கு மாற்றியாக வேண்டும். மாற்றாமல் விற்க வந்தால் மற்ற வாரிசுகளின் சம்மதமும் கேள்விக்குறிதான்.

மூன்றாவது ரொம்பச் சின்ன விஷயம், ஆனால் பெரிய முட்டுக்கட்டை. ஓ.டி.பி. ஆர்.டி.ஓ. பதிவில் இருக்கும் செல் நம்பருக்குத்தான் போகும். விற்பவர் நம்பரை மாற்றிவிட்டிருந்தால் முதலில் அதைச் சரி செய்ய வேண்டும்.

எங்கள் வீட்டில் நடந்தது

என் அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறார். பாட்டியை வாரம் ஒருமுறை கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும் என்பதால், சீட்டு எடுத்த பணம் ஒரு லட்சத்து நாற்பதாயிரத்தில் திருமுல்லைவாயலில் தெரிந்தவரிடம் ஒரு ஆல்டோ பேசினார். என்ஜின் நன்றாகவே இருந்தது. ஆர்.சி.யில் மட்டும் பாங்க் பெயர். கடன் முடிந்துவிட்டது, சான்று எங்கேயோ தொலைந்துவிட்டது என்றார் அவர். "வண்டியை இப்பவே எடுத்துட்டுப் போங்க, பேப்பர் பின்னாடி வரும். என்மேல நம்பிக்கை இல்லையா?" என்றும் கேட்டார்.

அப்பாவுக்குக் கூச்சமாகிவிட்டது. நான், "சார், உங்க பேர்ல இருக்கிற வண்டியை நாங்க ஓட்டி யாரையாவது இடிச்சுட்டா, நோட்டீஸ் உங்க வீட்டுக்குத்தான் வரும். உங்களுக்கும் சேர்த்துத்தான் கேக்குறோம்" என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அதுவும் சரிதான்பா" என்றார்.

பத்தாயிரம் மட்டும் அட்வான்ஸ் கொடுத்து எழுதி வாங்கினோம். வண்டி அவர் வீட்டிலேயே நின்றது. சான்றின் நகல் வர ஏழு வாரம் ஆயிற்று. அதுவரை ஆட்டோச் செலவு கையைக் கடித்தது. பாட்டி என்னைத் திட்டாத நாளில்லை. பாங்க் பெயர் நீங்கி, பெயர் மாற்ற விண்ணப்பம் கொடுத்த அன்றுதான் மீதிப் பணம் கொடுத்து வண்டியை எடுத்தோம். ஆர்.சி. தபாலில் வந்தது.

நாம் செய்ய வேண்டியவை

1. பணம் பேசும் முன்பே எம்-பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டுப் பாருங்கள். பதிவுக் கெடு, இன்சூரன்ஸ், கடன் விவரம் தெரியும். அபராதச் சலான் பாக்கியையும் பாருங்கள்.

2. சேசிஸ் நம்பர் மேல் வெள்ளைத்தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுங்கள். ஆர்.சி.யோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப் போக வேண்டும். இது நம் பிரிவு மாணவர்களுக்குக் கைவந்த வேலை.

3. முழுப்பணத்தையும் ஒரே மூச்சில் கொடுக்காதீர்கள். அட்வான்ஸ் சிறிதாக இருக்கட்டும். எந்தத் தேதிக்குள் பேப்பர் வரவேண்டும், வராவிட்டால் பணம் எப்போது திரும்பும் என்று எழுதி, சாட்சிக் கையெழுத்து வாங்குங்கள். பாங்க் வழியாகக் கொடுத்தால் அதுவே ஒரு சாட்சி.

4. தேதி போடாமல் கையெழுத்துப் போட்ட படிவத்தைப் புரோக்கரிடம் விடக்கூடாது. அதே பேப்பரை வைத்து வண்டி இன்னும் மூன்று கை மாறலாம்.

5. வண்டியை எடுக்கும்போது டெலிவரி நோட்டில் தேதி மட்டுமல்ல, மணியும் எழுதுங்கள். காலை சிக்னல் தாண்டியவர் ஒருவர், மாலை ஓட்டியவர் இன்னொருவர் என்ற சண்டை வராது.

6. இன்சூரன்சைப் பெயர் மாற்ற 14 நாளுக்குள் மனுக் கொடுங்கள். 157-ஆம் பிரிவுப்படி, அடிபட்ட மூன்றாம் நபருக்கான பாதுகாப்பு வண்டியோடு கூடவே வரும். உங்கள் வண்டியின் சொந்தச் சேதத்துக்கு, கம்பெனி உங்கள் பெயரை ஏற்றுக்கொண்டால்தான் காசு.

7. விற்பவர் தன் பாஸ்டேகை ரத்து செய்யட்டும். இல்லையென்றால் நீங்கள் வானகரம் சுங்கச்சாவடியைத் தாண்டும்போதெல்லாம் அவர் கணக்கில் பணம் கழியும்.

8. விண்ணப்பத்தில் முகவரியைச் சரியாக எழுதுங்கள். 2024 முதல் நம் மாநிலத்தில் ஆர்.சி. தபாலில்தான் வருகிறது.

இன்னொரு விஷயம். 2023 ஏப்ரல் 1 முதல் அமலான மத்திய அரசு விதிப்படி, அங்கீகாரம் பெற்ற டீலரிடம் வண்டியை விட்டுப் படிவம் 29சி மூலம் தெரிவித்தால், அது விற்கும்வரை டீலரே உரிமையாளர். தனியார் இருவருக்குள் விற்கும்போது நடுவில் பொறுப்பேற்க அப்படி யாரும் இல்லை. மேலே சொன்ன பேப்பர்கள்தான் காவல்.

முடிவுரை

"பேப்பர் கேட்டால் சந்தேகப்படுகிறான் என்று நினைப்பார்களோ" என்ற கூச்சம் நம் பெற்றோர்களுக்கு உண்டு. நல்ல மனிதரிடம் வாங்கும்போதுதான் பேப்பர் இன்னும் முக்கியம். நாளைக்கு நம்மால் அவர் கோர்ட் வாசலில் நிற்கக்கூடாதல்லவா? நம்மில் பலர் வீட்டில் படிவத்தைப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நாம்தான். பதினெட்டு முடிந்துவிட்டதால் வண்டியை நம் பெயரிலேயே எடுக்கவும் சொல்வார்கள். எனவே வண்டி பார்க்கப் போகும்போது பானெட்டைத் திறந்து பார்ப்பதோடு நிற்காமல், ஆர்.சி.யையும் வாங்கிப் படியுங்கள். உங்கள் தெருவில் யாராவது வாங்கினாலும் கூடப் போய் உதவுங்கள்.