மார்பக ஆபரேஷன் முடிந்து ஏற்காடு திரும்புகிறவர்களுக்கு

சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையிலோ தனியாரிடமோ ஆபரேஷன் முடித்து மலையேறும் பெண்களுக்கும், அவர்களைப் பார்த்துக்கொள்ளும் வீட்டாருக்கும் இந்தக் குறிப்புகள். தையலில் கிருமி தொற்றுவது பெரும்பாலும் முதல் 30 நாட்களுக்குள்தான். அப்போது டாக்டருக்கும் உங்களுக்கும் நடுவே 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கும்.

1. ராத்திரியில் காய்ச்சல் வந்தால் எந்த நம்பருக்குப் போன் செய்வது என்று டிஸ்சார்ஜ் ஆகும்போதே கேட்டு வாங்குங்கள். தெர்மாமீட்டரும் ஒன்று வாங்கிவிடுங்கள்.

2. அக்குளருகே நீர் வடிய டியூப் வைத்து அனுப்பியிருந்தால், அதைத் தொடும் முன்பும் பின்பும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். சேரும் நீரைத் தினமும் ஒரே நேரத்தில் அளந்து, எத்தனை மில்லி என்று காலண்டரிலேயே குறியுங்கள். 24 மணி நேரத்தில் 30 மில்லிக்குக் கீழே இறங்கிய பிறகே பொதுவாக டியூபை எடுப்பார்கள். சிவப்பாக வந்தது நாளாக நாளாக வெளிறி மஞ்சளாவது இயல்பு. கலங்கலாகவோ கெட்ட வாடையுடனோ வந்தால் சீழ் பிடித்திருக்கலாம். திடீரென நின்றுபோனால் அடைப்பாக இருக்கலாம். இரண்டுக்கும் உடனே போன் செய்யுங்கள். சின்னத் துணிப்பை தைத்துக் கழுத்தில் மாட்டி, நீர் சேரும் குப்பியை அதில் வைத்தால் தையல் இழுபடாது.

3. குளிருக்கு வெந்நீர்ப் பை வைப்பதும் கரியடுப்பருகே உட்காருவதும் இப்போது வேண்டாம். ஆபரேஷன் செய்த பக்கம் மார்பு, அக்குள், மேல்கையின் உட்புறம் எல்லாம் பல மாதம் மரத்திருக்கும்; சுட்டாலும் தெரியாது. கொப்புளம் உடைந்தால் அதன் வழியே கிருமி புகும். ஸ்வெட்டரும் போர்வையும் போதும். டாக்டர் குளிக்கச் சொன்ன பிறகும், தண்ணீரின் சூட்டை மறுகையால் பார்த்துவிட்டே ஊற்றுங்கள்.

4. மூடுபனி நாட்களில் துணி காயவே காயாது. உள்ளாடையை இஸ்திரி போட்டு, ஈரம் போன பிறகே உடுத்துங்கள். கட்டு நனைந்தால் அன்றே மாற்ற வேண்டும்.

5. காப்பித்தூள், மஞ்சள், எண்ணெய் எதையும் தையலில் வைக்காதீர்கள். தோட்டத்தில் கை அறுபட்டால் காப்பித்தூளை அப்பியே பழகியவர்கள் நாம். இது அந்த மாதிரிக் காயம் இல்லை.

6. பத்தியம் என்று வெறும் ரசச் சோறு போடாதீர்கள். முட்டை, பருப்பு, மீன், கீரை எல்லாம் கொடுங்கள். சர்க்கரை கட்டுக்குள் இருக்கட்டும். பீடி, சிகரெட் புகை வீட்டுக்குள் வேண்டாம்.

7. அக்குளில் நெறிக்கட்டிகளை எடுத்தவர்களுக்கு, அந்தக் கையில் தொற்று வருடங்கள் கழித்தும் வரலாம். காப்பிப் பழம் பறிக்கவோ மிளகுக்கொடி இழுக்கவோ கையுறை இல்லாமல் போகாதீர்கள். அதை வாங்கித் தருவது எஸ்டேட்டின் பொறுப்பு என்றே நான் சொல்வேன். கீறலைச் சோப்புத் தண்ணீரில் கழுவி மருந்து போடுங்கள். கை சிவந்து, சூடாகி, வீங்கினால் பூச்சிக்கடி என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

8. 100.4 டிகிரி காய்ச்சல், குளிர் நடுக்கம், தையலைச் சுற்றிப் பரவும் சிவப்பு, சீழ்: இதில் ஒன்று வந்தாலே கிளம்பிவிடுங்கள். கீமோ தொடங்கியவர்களுக்கு வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும். அவர்களுக்குத் தையல் நன்றாகவே இருந்தாலும் காய்ச்சல் அவசரம்தான். மாத்திரை போட்டுவிட்டு விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. பனி இறங்கிவிட்டால் மலைப்பாதையில் வண்டி ஊர்ந்துதான் போகும். எனவே மதியம் சந்தேகம் வந்தால் மதியமே புறப்படுங்கள். இரவென்றால் 108. டிஸ்சார்ஜ் சீட்டையும் மில்லி குறித்த காலண்டர் தாளையும் கையோடு கொண்டுபோங்கள்.