பழைய வண்டியும் பழகிய கையும்

நுழையும்முன்

உழவர் தம் காளைகளுக்குப் பெயரிட்டு அழைத்தனர். அவற்றின் நடையை வைத்தே உடல்நலத்தை அறிந்தனர். இரும்பாலான இயந்திரத்தின்மீதும் அத்தகைய பற்று தோன்றக்கூடுமா? பதினைந்து, இருபது ஆண்டுகள் ஓடிய சிறு சரக்குந்துகளை விற்க மனமின்றிப் பேணிவரும் எளிய உரிமையாளர்களின் உலகை நெய்வேலி வட்டாரத்திலிருந்து நோக்குகிறது இப்பாடம்.

இயந்திரங்களின் ஊர்

சென்னையிலிருந்து தஞ்சாவூர் செல்லும் நெடுஞ்சாலையில் பண்ருட்டியைக் கடந்தால், செம்மண் நிலமும் முந்திரித் தோப்புகளும் பலா மரங்களும் நம்முடன் வரும். அவற்றை அடுத்து அமைந்திருப்பது நெய்வேலி. 1956ஆம் ஆண்டு பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பட்ட பின்னர், வட்டம் வட்டமாக வகுத்துக் கட்டப்பட்ட நகரியம் அது. சோவியத் ஒன்றியத்தின் உதவியுடன் எழுந்த முதல் அனல்மின் நிலையம் 1962இல் மின்னாக்கத்தைத் தொடங்கி, 2020ஆம் ஆண்டு வரை இயங்கியது. சுரங்கத்தில் மண்ணை அகழும் சக்கரவாளி இயந்திரங்களும் நெடுங்காலம் உழைப்பவை. பேணினால் இயந்திரம் நிலைக்கும் என்பது இவ்வூரார்க்குப் பாடநூல் சொல்லித் தெரியவேண்டிய செய்தியன்று.

ஆனால், நாம் காணப்போவது அப்பேரியந்திரங்களை அன்று. மந்தாரக்குப்பம், வடலூர், பண்ருட்டிச் சாலைகளில் பலாப்பழமும் முந்திரிக்கொட்டையும் செங்கல்லும் வீட்டுச் சாமான்களும் ஏற்றிச்செல்லும் சிறு வண்டிகளை. மக்கள் வழக்கில் அவை ‘பிக்கப்’, ‘டெம்போ’, ‘நானூற்றேழு’, ‘குட்டியானை’. 1986இல் வெளிவந்த டாடா 407, 2005இல் வெளிவந்த டாடா ஏஸ், ஜீப்பின் மரபில் வந்த மகிந்திரா பிக்கப் ஆகியன இவ்வகையின. உலகில் இவ்வண்டிக்கு வயது ஒரு நூற்றாண்டு. மகிழுந்தின் பின்புறத்தை நீக்கிவிட்டுப் பெட்டி பொருத்திக்கொள்ளும் வழக்கம் அமெரிக்க உழவரிடையே முன்பே இருந்தது. அதனைக் கண்டறிந்த ஃபோர்டு நிறுவனம் 1925இல் தொழிற்சாலையிலேயே பெட்டி பொருத்தி விற்றது.

தெரிந்து தெளிவோம்

‘டெம்போ’ என்பது ஒரு வண்டியின் வகைப்பெயர் அன்று. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரைச் சேர்ந்த ஒரு நிறுவனத்தின் வணிகப்பெயர். அதனுடன் கூட்டுச்சேர்ந்து 1958இல் உருவானது பஜாஜ் டெம்போ. 2005இல் அந்நிறுவனம் தன் பெயரை ஃபோர்ஸ் மோட்டார்ஸ் என மாற்றிக்கொண்டது. எனினும், எந்த நிறுவனத்தின் சிறு சரக்கு வண்டியையும் ‘டெம்போ’ என்றே நாம் அழைக்கிறோம்.

தவணை முடிந்த வண்டி

சிறு சரக்குந்து வைத்திருப்போர் பலர் உரிமையாளரும் அவரே, ஓட்டுநரும் அவரே என்னும் நிலையினர். கடனில் வாங்கிய வண்டிக்கு மாதந்தோறும் ‘டியூ’ கட்டவேண்டும். பதிவுச் சான்றில் கடன் கொடுத்த நிறுவனத்தின் பெயர் இருக்கும்வரை வண்டி முழுமையாகத் தமதன்று என்பதை அவர் அறிவார். கடைசித் தவணை தீர்ந்து அப்பெயர் நீங்கும் நாள் அவர் வாழ்வில் பெரிய நாள். அன்றுமுதல் வாடகைப் பணத்தில் டீசலுக்கும் பழுதுக்கும் போக மிஞ்சுவது குடும்பத்திற்கு. புதிய வண்டி வாங்குவதென்றால் மீண்டும் சில ஆண்டுகள் கடனாளியாக வேண்டும். பழைய வண்டியின் மீதான பற்றை வெறும் மனநெகிழ்ச்சி என்று கருதுவோர் இக்கணக்கை மறந்துவிடுகின்றனர்.

2011 டிசம்பர் 30 அன்று ‘தானே’ புயல் கடலூர் மாவட்டத்தைத் தாக்கியபோது முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. பலா நட்டுப் பயன் காணப் பல ஆண்டுகள் ஆகும். பழமில்லையேல் வண்டிக்குச் சுமையில்லை. அத்தகைய காலத்தில் தவணை இல்லாத வண்டி வீட்டு வாசலில் நின்றால் பட்டினி மட்டுமே. தவணை உள்ள வண்டி நின்றாலோ வண்டியும் போய்விடும்.

கை அறிந்த கல்வி

கணக்கு ஒருபுறம் இருக்க, இப்பற்றின் வேர் வேறிடத்தில் உள்ளது. தம் கையால் பிரித்து, துடைத்து, மீண்டும் பொருத்திய பொருளின்மீது மனிதருக்கு ஏற்படும் உரிமை, விலை கொடுத்து வாங்கிய உரிமையினும் வலியது.

பழைய டீசல் வண்டியின் உரிமையாளர் புகையைப் படிக்கத் தெரிந்தவர். கரும்புகை வந்தால் காற்று போதவில்லை, அல்லது டீசல் மிகுதியாகச் செல்கிறது. காற்று வடிகட்டியையும் நாசிலையும் பார்க்கவேண்டும். நீலப்புகை என்றால் இயந்திர எண்ணெய் எரிகிறது. பிஸ்டன் வளையங்கள் தேய்ந்திருக்கலாம். குளிர்ந்த விடியலில் வெண்புகை சற்றே தோன்றி மறைந்தால் கவலையில்லை. இயந்திரம் சூடேறிய பின்னும் அது தொடர்ந்தால், குளிர்விக்கும் நீர் உள்ளே கசிகிறது என்று ஐயுறவேண்டும். இதனைக் கற்பிக்கும் வகுப்பறை, கரிபடிந்த சாலையோரப் பட்டறையே.

நள்ளிரவில் பலாப்பழச் சுமையுடன் செல்லும் வண்டியொன்று நடுவழியில் நின்றுவிடுகிறது எனக் கொள்வோம். டீசல் அடிவரை தீர்ந்தமையால் எரிபொருள் குழாயில் காற்று புகுந்துவிட்டது. இனி டீசல் ஊற்றினாலும் இயந்திரம் உயிர்பெறாது. ஓட்டுநர் பம்ப்பின் மேலுள்ள சிறு திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அழுத்துகிறார். நுரை வருகிறது, பின்னர்க் குமிழிகள், குமிழிகள் நின்று டீசல் மட்டும் வழியும் கணத்தில் திருகை இறுக்குகிறார். பட்டறை வழக்கில் இதற்கு ‘ஏர் எடுப்பது’ என்று பெயர். தேவைப்பட்டவை ஒரு ஸ்பேனரும் கைவிளக்கும் பழகிய விரல்களுமே. பழம் விடியுமுன் சந்தையைச் சேர்கிறது.

2020 ஏப்ரல் முதல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த பி.எஸ். 6 மாசு நெறிக்கேற்ற வண்டிகளில் உணரிகளும் மின்னணுக் கட்டுப்பாடும் உள்ளன. அவற்றின் புகை மிகக் குறைவு; அது பெரும் நன்மை. ஆனால், பழுதின் காரணத்தை அறியக் கணினிக் கருவி வேண்டும். உரிமையாளர் தம் வண்டியின் அருகில் வேடிக்கை பார்ப்பவராக நிற்க நேர்கிறது. புதிய வண்டியை வாங்கியவர்கள்கூடப் பழையதைக் குறித்துப் பேசும்போது குரல் தாழ்வது இதனால்தான் போலும்.

கியூபா நாட்டிலும் இதன் மற்றொரு வடிவத்தைக் காணலாம். 1960களில் அமெரிக்கா விதித்த வணிகத் தடையால் அங்குப் புதிய அமெரிக்க மகிழுந்துகள் வரவில்லை. 1950களின் வண்டிகளையே, கிடைத்த சோவியத் உதிரிப்பாகங்களைப் பொருத்தி மக்கள் இன்றளவும் ஓட்டிவருகின்றனர். தட்டுப்பாடு அங்கே ஒரு தொழிற்கலையை வளர்த்தது.

பற்றும் பொறுப்பும்

எனினும், பழையன யாவும் போற்றத்தக்கன என்று கொள்வது பிழை. பழைய டீசல் வண்டி உமிழும் நுண்துகள்கள், சாலையோரம் நடந்து பள்ளி செல்லும் குழந்தையின் நுரையீரலில் படிகின்றன. பிரேக் எண்ணெய் கசியும் வண்டியை, ‘எனக்கு அதன் குணம் தெரியும்’ என்று சொல்லி ஓட்டுவது பற்றன்று; பிறர் உயிரைப் பணயம் வைப்பதாகும். எதிரே வருபவருக்கு அவ்வண்டியின் குணம் தெரியாதல்லவா?

இதனால்தான் சரக்கு வண்டிகள் எட்டு ஆண்டு வரை ஈராண்டுக்கு ஒருமுறையும் அதன்பின் ஆண்டுதோறும் தகுதிச் சான்று பெறவேண்டும் என்கிறது சட்டம். ‘எஃப்.சி.’ என்று மக்கள் சொல்வது இதனையே. அந்நாள் நெருங்கும்போது பட்டறைகளில் டிங்கர் வேலையும் வண்ணப்பூச்சும் மும்முரமாக நடக்கும். வண்ணத்தில் காட்டும் அக்கறையை எல்லோரும் பிரேக்கிலும் காட்டினால் நன்று.

2021 ஆகஸ்டில் பழைய வாகன அழிப்புக் கொள்கை அறிவிக்கப்பட்டது. 15 ஆண்டு கடந்த வணிக வாகனங்களும் 20 ஆண்டு கடந்த சொந்த வாகனங்களும் தகுதிச் சோதனையில் தேறாவிடில் சாலையிலிருந்து நீங்கவேண்டும் என்பது அதன் சாரம். தில்லியிலோ 2015இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 10 ஆண்டு கடந்த டீசல் வாகனங்களுக்கு வயதை மட்டுமே கொண்டு தடை விதித்தது. இவ்விரண்டனுள் வண்டியின் நிலையைச் சோதித்து முடிவெடுக்கும் முறையே நேரியது எனத் தோன்றுகிறது. நன்கு பேணப்பட்ட பதினாறு வயது வண்டி, கவனிப்பாரற்ற ஏழு வயது வண்டியைவிடப் பாதுகாப்பாக இருத்தல் கூடும். ஆனால் சோதனை நேர்மையாக நடந்தாலன்றி இவ்வாதம் நில்லாது.

அழிப்பிற்குச் செல்லும் வண்டிக்கு, புதிய வண்டி விலையில் 4 முதல் 6 விழுக்காடு வரை மதிப்புக் கிடைக்கும் என அக்கொள்கை கூறியது. அது இரும்பின் விலை; கை அறிந்த கல்விக்கு அதில் கணக்கில்லை. தொழிலை விட இயலாத உரிமையாளர் அத்தொகையை முன்பணமாக்கி மறுபடியும் தவணைக்குள் நுழைகிறார்.

பிரிக்கப்பட்ட வண்டியின் சக்கரங்களும் அச்சும் வேறு வண்டிகளைச் சேரும். சுமை தாங்கிய வில்தகடுகளைப் ‘பட்டை’ என்பர். உறுதியான எஃகாதலால் கொல்லர்கள் அவற்றை விரும்பி வாங்கிக் காய்ச்சி அடித்து அரிவாளாக்குவர். லாரிப் பட்டையில் அடித்த அரிவாளுக்கு ஊர்ப்புறங்களில் இன்றும் தனி மதிப்பு உண்டு.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊர்ப் பட்டறை ஒன்றிற்குச் சென்று, அங்கு வழங்கும் தொழிற்சொற்களைத் தொகுத்து, அவற்றுள் தமிழ்ச்சொற்களையும் பிறமொழிச் சொற்களையும் வகைப்படுத்துக.

2. ‘வாகனத்தை நீக்க அளவுகோல் வயதா? நிலையா?’ என்னும் தலைப்பில் வகுப்பில் சொற்போர் நிகழ்த்துக.