நாவற்பழமும் நானோ துகளும்

கேள்வி: நாவற்பழச் சாற்றை நானோ வடிவில் தந்தால் இன்சுலின் சுரக்கும் செல்கள் காக்கப்படும் என்கிறார்களே, அப்படி விற்கும் சொட்டு மருந்தை வாங்கலாமா? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: வாங்க வேண்டியதில்லை, மருத்துவர் எழுதித் தந்த மாத்திரையை அதற்காக நிறுத்துவது அறவே கூடாது. கணையத்தில் இன்சுலினைச் சுரக்கும் பீட்டா செல்களில், ஆக்சிஜனேற்ற நச்சுகளை முறிக்கும் கேட்டலேஸ் முதலிய நொதிகள் மிகக் குறைவு என்பதால், இரத்தத்தில் சர்க்கரை நெடுங்காலம் மிகுந்திருக்கும்போது அவை எளிதில் நலிகின்றன. நாவற்பழத்துக்கு ஊதா நிறம் தரும் ஆந்தோசயனின் என்னும் நிறமி அந்நச்சுகளை எதிர்க்க வல்லதெனினும், உண்ட அளவில் சிறு பங்கே குடலைக் கடந்து இரத்தத்தில் சேர்கிறது. ஆகவேதான் அதனை, மீட்டரின் நூறு கோடியில் ஒரு பங்கான நானோமீட்டரில் அளக்கப்படும் நுண்ணுறைக்குள் பொதிந்து செலுத்தும் முயற்சி தோன்றியது. இவ்வாய்வுகள் பெரும்பாலும், ஸ்ட்ரெப்டோசோட்டோசின் போன்ற வேதிப்பொருளால் பீட்டா செல்கள் அழிக்கப்பட்ட எலிகளிடம் நிகழ்ந்தவை. எலிக்குச் சில நாள்களில் ஊசியால் வரவழைக்கப்படும் நோயும், மனிதருக்குப் பல ஆண்டுகளில் முதிரும் இரண்டாம் வகை நீரிழிவும் ஒன்றல்ல. விளம்பரங்களில் அந்த எலிக்கு இடம் கிடைப்பதில்லை. பருவத்தில் ஒரு கைப்பிடி நாவற்பழத்தைச் சாறாக்காமல் அப்படியே உண்பதில் தடையில்லை. கொட்டைப் பொடியும் சேர்ப்பதானால், மாத்திரையோடு கூடிச் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழக்கூடுமாகையால், மருத்துவரிடம் முன்னரே சொல்லிவிட வேண்டும்.