பழைய காரைச் சோதிக்கும் விஞ்ஞானம்

திருச்சியிலோ திருவரங்கத்திலோ உள்ள உங்கள் வீட்டில் பழைய சிறிய கார் ஒன்றை வாங்க எண்ணியிருக்கலாம். பல ஆண்டுச் சேமிப்பு அதில் போகிறது. வாங்கிய பின் குடும்பம் முழுவதும் அதில் பயணம் செய்யப் போகிறது. ஆகவே, பளபளக்கும் பெயிண்டை நம்பி முடிவு செய்யலாகாது. வகுப்பில் படித்த இயற்பியலும் வேதியியலும் இங்கே எவ்வாறு துணை செய்கின்றன எனக் காண்போம்.

பின்பக்கக் கதவு மேல்நோக்கித் திறக்கும் காரை ‘ஹாட்ச்பேக்’ என்பர். நம் நாட்டில் இவ்வகையைப் பரவச் செய்தது மாருதி 800. இதன் முதல் வண்டி 1983 டிசம்பர் 14-ல் உரியவரிடம் ஒப்படைக்கப்பட்டது; 2014-ல் உற்பத்தி நின்றது. இதன் என்ஜினில் மூன்று சிலிண்டர்கள்; கொள்ளளவு 796 கன சென்டிமீட்டர். கீழே கூறும் சோதனைகள் இதற்கும், பின்னர் வந்த பெட்ரோல் கார்களுக்கும் பொருந்தும்.

புகை சொல்லும் செய்தி

முதலில் பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். அது குளிர்ந்திருக்க வேண்டும். முன்பே ஓட்டிச் சூடாக்கிய என்ஜின் சில குறைகளை மறைத்துவிடும்.

பெட்ரோல் எரியும்போது கரியமில வாயுவும் நீராவியும் உண்டாகின்றன. ஆகவே, குளிர்ந்த காலையில் மெல்லிய வெண்புகை சற்று வந்து மறைந்தால் அஞ்ச வேண்டாம். என்ஜின் சூடான பின்னும் அடர்ந்த வெண்புகை வந்தால், ரேடியேட்டர் நீர் சிலிண்டருக்குள் கசிகிறது என ஐயுறலாம். நீலப்புகை, ஆயில் எரிவதன் அடையாளம். பிஸ்டன் வளையங்கள் தேய்ந்திருக்கக்கூடும். கரும்புகை, பெட்ரோல் மிகுதியாகச் சென்று முழுமையாக எரியாததைக் காட்டும்.

எச்சரிக்கை: சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே அழுத்தம் மிகுந்திருப்பதால் நீர் 100 டிகிரி செல்சியசுக்கு மேலும் கொதிக்காமல் இருக்கும். மூடி திறந்து அழுத்தம் குறைந்ததும் அது சட்டெனக் கொதித்துப் பீறிடும்.

துருவும் வெள்ளமும்

இரும்பு, ஆக்சிஜன், நீர் மூன்றும் சேர்ந்தால் துரு உண்டாகும். உப்பு இதை விரைவுபடுத்தும். எனவே, கடற்கரை ஊர்களில் ஓடிய வண்டியைக் கூடுதல் கவனத்துடன் பார்க்க வேண்டும். சக்கரத்தின் மேல்வளைவு, கதவின் அடிவிளிம்பு, மிதியடிக்குக் கீழுள்ள தகடு ஆகியவை துருவுக்கு உகந்த இடங்கள்.

திருவரங்கம் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே அமைந்த தீவு. வெள்ளம் நமக்குப் புதிதன்று. 2015-ல் சென்னை வெள்ளத்திலும் ஏராளமான கார்கள் மூழ்கின. மூழ்கிய காரை எவ்வளவு கழுவினாலும் சில இடங்களில் வண்டல் தங்கிவிடும். சீட் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுத்துப் பாருங்கள். உட்புறத்தில் சேற்றுக்கறையோ புழுங்கல் நாற்றமோ இருந்தால், மின்கம்பி இணைப்புகளிலும் நீர் புகுந்திருக்கும் என எண்ண இடமுண்டு.

பிரேக்கில் பாஸ்கல் விதி

பிரேக் மிதியின் அழுத்தத்தைச் சக்கரங்களுக்குக் கொண்டு செல்வது ஒரு திரவம். திரவம் எளிதில் சுருங்காது, காற்று சுருங்கும். குழாயில் காற்றுக் குமிழி புகுந்தால் மிதி பஞ்சுபோல் அமுங்கும். அழுத்தம் சக்கரத்துக்குக் குறைவாகவே சேரும். இக்குறையைச் சரி செய்யாமல் வண்டியை ஓட்டுவது உயிருக்கே ஆபத்து.

எண்களையும் பாருங்கள்

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால், 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது எனப் பொருள். கிலோமீட்டர் மானி குறைவாகக் காட்டியும் மிதிகளின் ரப்பர் வழுவழுப்பாகத் தேய்ந்திருந்தால், மானியை நம்பலாகாது. பதிவுச் சான்றிலுள்ள என்ஜின் எண்ணும் சேசிஸ் எண்ணும் வண்டியில் உள்ளவற்றோடு ஒத்திருக்க வேண்டும்.

இவ்வளவும் பார்த்த பின், நம்பிக்கையான மெக்கானிக் ஒருவரிடம் காட்டியே விலை பேச வேண்டும்.

செய்து பாருங்கள்: சிறு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி, காரின் இரும்புத் தகடு முழுவதும் வைத்துப் பாருங்கள். ஓரிடத்தில் மட்டும் ஒட்டவில்லையெனில், பெயிண்டுக்கு அடியில் என்ன இருக்கும்? அது ஏன் அங்கே பூசப்பட்டிருக்கும்? சிந்தித்து விடை காணுங்கள்.