எதிர்க்காற்றும் மன அமைதியும்



கடன், நோய், பிள்ளைகளின் படிப்பு என்று கவலையில்லாத வீடு நம் கடற்கரையில் இல்லை. கவலை வருவது பாவமல்ல. அதற்கு மனதை முழுவதும் ஒப்புக்கொடுப்பதே ஆபத்து.

1544-ம் ஆண்டு ஜூன் மாதம், வடுகர் படைக்கு அஞ்சிய கிறிஸ்தவர்கள் கன்னியாகுமரிப் பாறைகளில் பசியும் தாகமுமாய் ஒளிந்திருந்தார்கள். அர்ச். சவேரியார் மணப்பாட்டிலிருந்து 20 தோணிகளில் அவர்களுக்கு உணவு கொண்டுபோகப் புறப்பட்டார். எதிர்க்காற்றில் துடுப்புப் போட்டும் பயனில்லாமல் கரை திரும்பினார். ஆயினும் மனந்தளராமல், பிறகு தரைவழியாகவே போய் அவர்களைச் சந்தித்தார். தம் வருத்தத்தை மறைக்காமல், உடன் உழைத்த மான்சிலாசுக்குக் கடிதத்தில் எழுதினார்.

நாமும் மூன்று காரியங்களைக் கைக்கொள்வோம்.

1. காற்று நம் கையில் இல்லை. இன்று நம்மால் ஆகிற ஒரு வேலையை இன்றே செய்வோம்.

2. பாரத்தை நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லுவோம். பல நாள் உறக்கமும் பசியும் கெட்டால் வைத்தியரிடம் போவோம். அது விசுவாசக் குறைவல்ல.

3. இரவு குடும்ப ஜெபமாலை முடிந்ததும், அன்று கிடைத்த ஒரு நன்மையைச் சொல்லிச் சர்வேசுரனுக்கு நன்றி செலுத்துவோம். மற்றதை அவரிடம் விட்டு உறங்குவோம்.

அர்ச். சவேரியாரே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.