லெதர் சீட் சீக்கிரம் தேயாமல் இருக்க

புதுக் கார் வாங்கும்போது லெதர் சீட்டுக்கென்று தனியாகப் பணம் கொடுக்கிறோம். சில வருடங்களில் டிரைவர் சீட்டின் வலது ஓரம் நிறம் மங்கி, கோடு விழுந்து, வெடிக்க ஆரம்பித்துவிடுகிறது. பக்கத்துச் சீட்டோ வாங்கியபடியே இருக்கிறது. இரண்டும் ஒரே தோல், இரண்டின் மேலும் பட்டது ஒரே வெயில். அதனால் தோலின் தரத்தை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. டிரைவர் சீட்டைத் தேய்த்தவை உரசலும் அழுக்கும்தான். இரண்டையும் நாமே கட்டுப்படுத்தலாம்.

1. நம் கை எதன் மேல் படுகிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். கார் சீட்டுக்கு வருவது பெரும்பாலும் மாட்டுத்தோல். கனம் ஒரு மில்லிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். அதன் மேல் ஒரு நிறப்பூச்சு, அதற்கும் மேல் நிறமில்லாத பாலியூரித்தேன் பூச்சு. நாம் உட்காருவது அந்த மேல்பூச்சின் மீது. சீட் தேய்கிறது என்றால் முதலில் தேய்வது அதுதான். பூச்சு இருக்கும்வரை உள்ளே இருக்கும் தோலுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாது. பூச்சு போன இடத்தில் வியர்வையும் அழுக்கும் நேராகத் தோலின் நாருக்குள் இறங்கிவிடும். அதன்பின் வெடிப்பைத் தடுப்பது கடினம்.

2. உங்கள் சீட் உண்மையிலேயே தோல்தானா என்று பாருங்கள். லெதரெட் என்று விற்பனைக்கு வருவது துணி மேல் பி.வி.சி. அல்லது பாலியூரித்தேன் பூசிய ரெக்சின். அசல் லெதர் சீட்டிலும் பல கம்பெனிகள் உடம்பு படும் இடத்தில் மட்டும் தோலை வைத்து, பக்கங்களையும் முதுகுப்புறத்தையும் ரெக்சினில் தைக்கின்றன. மேலே தெரியும் வரிகளை வைத்து முடிவு செய்யாதீர்கள், தோலின் மீதும் வரிகளை அச்சில் அழுத்துவதுண்டு. சீட்டின் அடியில் மடித்துத் தைத்த ஓரத்தைத் திருப்பிப் பாருங்கள். நெய்த துணி தெரிந்தால் ரெக்சின், பஞ்சு போல நார்நாராகத் தெரிந்தால் தோல். ரெக்சினுக்குக் கண்டிஷனர் கிரீம் வாங்குவது வீண்செலவு. அதில் பி.வி.சி. ரகம் வெயிலில் விறைத்து வெடிக்கும், பாலியூரித்தேன் ரகம் ஈரக்காற்றில் செதில் செதிலாக உரியும். உரிய ஆரம்பித்தால் எந்தக் கிரீமும் அதைத் திரும்ப ஒட்டவைக்காது.

3. தேங்காயெண்ணெய், நல்லெண்ணெய், ஆலிவ் எண்ணெய் எதையும் தடவ வேண்டாம். தோல் என்றால் எண்ணெய் போட வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னது பொய்யல்ல. அவர்கள் சொன்னது ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதனிட்ட, மேலே பூச்சில்லாத செருப்புத் தோலுக்கு. அது எண்ணெயைக் குடிக்கும். கார் சீட்டுக்கு வரும் தோல் பெரும்பாலும் குரோமிய உப்பில் பதனிட்டு, மேலே பூச்சால் மூடியது. எண்ணெய் உள்ளே போக வழியில்லை. மேலேயே தங்கித் தூசியைப் பிடித்துக்கொள்ளும். எண்ணெயும் தூசியும் சேர்ந்தால் நாம் உட்கார்ந்து எழும் ஒவ்வொரு முறையும் பூச்சை அரைக்கும். நாளானால் சிக்கு நாற்றமும் வரும். ஷூ பாலிஷும் கூடாது, அது சட்டையில் ஒட்டும். டேஷ்போர்டு பளபளக்க அடிக்கும் சிலிக்கான் ஸ்பிரேயையும் சீட்டில் அடிக்காதீர்கள். பிரேக் போடும்போது உட்கார்ந்திருப்பவர் வழுக்குவார். பின்னொரு நாள் சீட்டுக்கு நிறம் பூச நேர்ந்தால் சிலிக்கான் பட்ட இடத்தில் நிறம் பிடிக்காது.

4. சீட் பளபளப்பதைப் பார்த்துச் சந்தோஷப்பட வேண்டாம். பெரும்பாலான கார்களில் புதுத் தோல் மங்கலான பட்டுப்போலத்தான் இருக்கும். ஓடிய வண்டியில் திடீரென்று மினுமினுப்பு தெரிந்தால் அது உடம்பின் எண்ணெயும் அழுக்கும் படிந்த அடுக்கு. துடைக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

5. சுத்தம் செய்யும் முறை இது. முதலில் வேக்குவம் கிளீனரில் மென்மையான பிரஷ் முனையை மாட்டி, தையல் இடுக்குகளிலும் சீட்டும் முதுகும் சேரும் பள்ளத்திலும் உள்ள மணலை எடுங்கள். இந்தப் படியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். மணலோடு சேர்த்துத் துடைப்பது துடைக்காமல் விடுவதைவிடக் கெடுதல். பிறகு தோலுக்கென்று விற்கும் கிளீனரைத் துணியிலோ பிரஷிலோ எடுத்துக்கொள்ளுங்கள், சீட்டின் மேல் நேரடியாக அடிக்காதீர்கள். குழந்தைகளுக்கான பல் பிரஷ் போதும். கை எடை மட்டும் கொடுத்துச் சிறு வட்டமாகத் தேயுங்கள். நுரை அழுக்கைத் தூக்கியதும் ஈரமான மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள். துணி கறுத்தால் அலசிவிட்டு மறுபடி துடையுங்கள். கடைசியில் உலர்ந்த துணியால் துடைத்து, கதவுகளைத் திறந்து வைத்து நிழலில் காயவிடுங்கள். டிரைவர் சீட்டையும் கை வைக்கும் திண்டையும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஈரத்துணியால் துடைத்து வந்தால், இந்த முழு வேலையை மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்தால் போதும். கண்டிஷனர் வருடத்துக்கு இரண்டு முறை, மெல்லிதாக. கிரீமுக்குச் செலவழிக்கும் நேரத்தில் பாதியை ஈரத்துணிக்குக் கொடுத்தால் சீட் இன்னும் நாள் தாங்கும் என்பது என் உறுதியான கருத்து.

6. துணி சோப்பு, பாத்திரம் கழுவும் திரவம், சமையல் சோடா மூன்றையும் தள்ளிவையுங்கள். பதனிட்ட தோல் இலேசான அமிலத்தன்மை உடையது. காரம் அதிகமான சோப்பு பூச்சையும் பாதிக்கும், பூச்சில் கீறல் இருந்தால் உள்ளே போய்த் தோலையும் விறைக்கவைக்கும். கறையை மாயமாக எடுக்கிறது என்று சொல்லும் வெள்ளை மெலமைன் ஸ்பாஞ்ச் நுண்ணிய அரம்தான். கறையோடு பூச்சையும் சுரண்டும். நெயில் பாலிஷ் ரிமூவர், தின்னர் பக்கமே போகாதீர்கள். கையில் சானிடைசர் போட்டால் நன்றாகக் காய்ந்தபிறகு ஸ்டியரிங்கையும் சீட்டையும் தொடுங்கள். அதிலுள்ள ஆல்கஹால் பூச்சை இளக்கும்.

7. தலை சாய்க்கும் இடத்தில் ஒரு வெள்ளை டவல். அரசு அதிகாரிகளின் வண்டியில் சீட்டுக்கு வெள்ளை டர்க்கி டவல் போர்த்தியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதைப் பதவியின் அடையாளமாகவே பார்த்துவிட்டோம். நம் வெயிலுக்கும் வியர்வைக்கும் தலைக்கு எண்ணெய் வைக்கும் பழக்கத்துக்கும் அதைவிடப் பொருத்தமான ஏற்பாடு கிடையாது. தலை எண்ணெய் நாள்தோறும் பட்டால் ஹெட்ரெஸ்டின் பூச்சு மெதுவாக இளகிப் பிசுபிசுக்கும். சாயம் போட்ட துண்டு வேண்டாம், வெள்ளையே சரி. வாரம் ஒருமுறை துவையுங்கள்.

8. ஏறி இறங்கும் விதத்தை மாற்றுங்கள். சீட்டின் ஆயுளைத் தீர்மானிப்பதில் இதற்குத்தான் முதலிடம். ஓரத்தில் மேடாக இருக்கும் திண்டின் மேல் உட்கார்ந்து உள்ளே சறுக்குகிறோம், இறங்கும்போதும் அதே திண்டில் எடை முழுவதையும் போட்டு வெளியே சறுக்குகிறோம். உயரமான எஸ்.யு.வி.யில் இது இன்னும் அதிகம். சீட்டின் நடுவில் இடுப்பை இறக்கி உட்கார்ந்து, பிறகு இரண்டு கால்களையும் உள்ளே திருப்புங்கள். இறங்கும்போது கால்கள் முதலில் வெளியே, பிறகு கைப்பிடியைப் பிடித்து எழுங்கள். உயரம் குறைந்தவர்கள் சீட்டைக் கீழே இறக்கிவிட்டு இறங்கினால் உரசல் குறையும். மூட்டுவலி உள்ளவர்களுக்கும் இந்த முறை நல்லது.

9. பின் பாக்கெட்டைக் காலி செய்துவிட்டு உட்காருங்கள். சாவிக்கொத்து, தடிமனான பர்ஸ், ஜீன்ஸின் செம்பு ரிவெட் எல்லாம் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்ப அழுத்திப் பள்ளம் போடும். கல்யாணத்துக்குப் போகும் நாளில் கல் வேலை, ஜரிகை, சம்கி வைத்த புடவைக்கும் பாவாடைக்கும் கீழே ஒரு பழைய வேட்டியை விரித்துவிடுங்கள். சேஃப்டி பின் முனை வெளியே தெரிகிறதா என்று ஒருமுறை தடவிப் பார்ப்பதும் நல்லது.

10. பீஜ், ஐவரி நிற சீட் உள்ளவர்கள் புது ஜீன்ஸை இரண்டு மூன்று முறை அலசியபிறகே வண்டியில் உட்காருங்கள். நீலச் சாயம் முதலில் மேல்பூச்சில் மட்டும் ஒட்டும், அப்போதே துடைத்தால் வந்துவிடும். வெயில் ஏறி, வியர்வை சேர்ந்து, மாதக்கணக்கில் விட்டால் பூச்சுக்குள் இறங்கிவிடும். கறுப்புச் சீட்டில் அழுக்கு தெரியாது என்பதால் அதைத் துடைக்காமலே விட்டுவிடுகிறோம், அதுவும் தவறு.

11. மஞ்சள் கறைக்குச் சோப்பு போடாதீர்கள். ஆயுத பூஜைக்கு வண்டிக்குப் பொட்டு வைத்த கை சீட்டில் படும், சாப்பாட்டுப் பொட்டலம் கசியும். மஞ்சளோடு சோப்பின் காரம் சேர்ந்தால், ஆரத்தித் தட்டில் சுண்ணாம்பு கலந்ததும் சிவக்கிறதே, அதேபோல் கறையும் சிவக்கும். உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்து, வெறும் நீர் தொட்ட துணியால் துடைத்து விடுங்கள். மிச்சமுள்ள மஞ்சளை வெளிச்சம் தானே வெளுக்கவைக்கும், அந்தப் பக்கம் வெயில் விழும்படி வண்டியைக் கொஞ்ச நேரம் நிறுத்தினால் போதும். குங்குமத்தைத் தேய்க்கக் கூடாது. வேக்குவத்தால் எடுத்துவிட்டுப் பிறகு துடையுங்கள். காபி, பால் சிந்தினால் உடனே ஒற்றுங்கள், தையல் வழியாக உள்ளே ஸ்பாஞ்சுக்கு இறங்கினால் நாற்றம் போகாது. பேனா மை மட்டும் வீட்டு வைத்தியத்துக்குக் கட்டுப்படாது. தேய்க்கத் தேய்க்கப் பரவும், அதைத் தோல் வேலை தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள்.

12. நிழலில் நிறுத்துங்கள், முடியாவிட்டால் முன்கண்ணாடிக்கு வெள்ளி நிற மறைப்பு வையுங்கள். கண்ணாடி மூடிய வண்டிக்குள் சித்திரை வெயிலில் வெப்பம் அறுபது டிகிரியைத் தொடும். தோல் காய்ந்து இறுகும், புற ஊதாக் கதிர் பூச்சை மங்கவைக்கும். கொதிக்கும் சீட்டில் உடனே எடையைப் போடாமல், இரண்டு கதவுகளைத் திறந்து சூட்டை வெளியேற்றிவிட்டு உட்காருங்கள்.

13. மழைக்காலத்தில் வண்டியைப் பல நாள் மூடியே வைத்தால் சீட்டில் வெள்ளையாகப் பூஞ்சை பூக்கும். வாரம் இருமுறையாவது கதவைத் திறந்து காற்றாட விடுங்கள். பூஞ்சையை வண்டிக்குள்ளேயே தட்டாதீர்கள், ஈரத்துணியால் ஒற்றி எடுத்து அந்தத் துணியைத் துவைத்துவிடுங்கள். சென்னையில் 2015-லும் 2023-லும் வந்ததுபோல் வெள்ளம் சீட்வரை ஏறிவிட்டால் ஹேர் டிரையரும் உச்சி வெயிலும் கூடாது. நனைந்த தோல் வேகமாகக் காய்ந்தால் சுருங்கி விறைக்கும். சீட்டைக் கழற்றி, கவரைப் பிரித்து, ஸ்பாஞ்சைத் தனியாகவும் தோலைத் தனியாகவும் நிழலில் காயவைக்க வேண்டும். சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிற வயர் இருந்தால் அது ஏர்பேக்குக்குப் போவது. அதை மெக்கானிக்தான் கழற்ற வேண்டும்.

14. குழந்தை சீட்டுக்கு அடியில், அதன் கையேடு அனுமதித்தால், மெல்லிய விரிப்பு போடுங்கள். நாய் வருவதாக இருந்தால் கனமான போர்வை. நகக்கீறல் சிறியதாகத் தெரிந்தாலும் அங்கே பூச்சு போய்விட்டது.

15. சீட் கவர் போடுமுன் சீட்டின் பக்கத்தில் ‘ஏர்பேக்’ என்று சிறு துணி லேபிள் தைத்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், விபத்தின்போது பை அந்தப் பக்கத் தையலைப் பிளந்துகொண்டுதான் வெளியே வரும். அதற்கென்றே அந்த இடத்தில் நூலும் தையலும் தனியாக அமைத்திருப்பார்கள். அதை மூடும் கவர் உயிருக்கு ஆபத்து. ஏர்பேக் உள்ள சீட்டுக்கென்றே தைத்த கவர் தவிர வேறெதையும் போடாதீர்கள். குஷன் கடையில் அந்தப் பக்கத்தைச் சாதாரண நூலால் மறுபடி தைத்துத் தருகிறேன் என்றாலும் சம்மதிக்க வேண்டாம்.

16. குளிர்காற்று வரும் சீட்டில் சிறு துளைகள் இருக்கும். கிரீமைத் துணியில் மிகக் கொஞ்சமாக எடுத்துத் தடவுங்கள். துளையில் கிரீம் அடைத்தால் உலர்ந்தபின் வெள்ளைப் புள்ளிகளாக நிற்கும்.

17. வருடத்துக்கு ஒருமுறை நீர்ச்சோதனை செய்யுங்கள். ஓரத் திண்டில் நிறம் மங்கிய இடத்தில் ஒரு சொட்டு நீர் விடுங்கள். முத்தாக நின்றால் பூச்சு இருக்கிறது. உறிஞ்சி அந்த இடம் கறுத்தால் பூச்சு போய்விட்டது. தோல் வெடிக்காத இந்தக் கட்டத்திலேயே நிறம் பூசினால் வேலையும் சிறியது, செலவும் குறைவு. வெடித்தபின் பசை நிரப்ப வேண்டும், கிழிந்தபின் அந்தத் துண்டையே மாற்ற வேண்டும். தையல் விட்டிருந்தால் தள்ளிப்போடாதீர்கள். பழைய ஊசித் துளைகளிலேயே நூலைக் கோத்துத் தைக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் புதுத் துளை போட்டால் தோல் அந்த வரிசையோடு அஞ்சல்தலை ஓரம்போலக் கிழிந்து வரும்.

18. பழைய கார் வாங்கப் போகிறீர்களா? ஓடோமீட்டரைப் பார்த்த கையோடு டிரைவர் சீட்டின் வலது திண்டையும், ஸ்டியரிங் தோலையும், பிரேக் பெடல் ரப்பரையும் சேர்த்துப் பாருங்கள். மீட்டர் இருபதாயிரம் கிலோமீட்டர் காட்டும்போது மூன்றும் தேய்ந்திருந்தால் சர்வீஸ் பதிவேட்டைக் கேளுங்கள். டிரைவர் வைத்து ஓட்டிய வண்டி என்றால் பின்சீட்டின் இடது பக்கத்தையும் பாருங்கள், முதலாளி உட்கார்ந்த இடம் பெரும்பாலும் அதுதான். சீட்டுக்குப் புதுக் கவர் போட்டு விற்கிறார்கள் என்றால், ஒரு ஓரத்தைத் தூக்கி அடியிலுள்ள தோலைக் காட்டச் சொல்லுங்கள்.