வளைவில் கரும்பு வண்டி ஏன் கவிழ்கிறது?

வட்ட இயக்கம் என்றாலே பலருக்கும் பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி நெட்டுரு போடும் சூத்திரம்தான் ஞாபகம் வரும். ஆனால் அண்ணாகிராமம் பக்கத்துப் பிள்ளைகளான நமக்கு அந்தப் பாடம் ரோட்டிலேயே ஓடுகிறது. நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலைக்கு டிராக்டர் டிரெய்லரில் கரும்பை மலைபோல் அடுக்கிக்கொண்டு போகிறார்களே, அதைத்தான் சொல்கிறேன்.

கயிற்றில் கல்லைக் கட்டிச் சுற்றிப் பாருங்கள். கை உள்நோக்கி இழுக்கிறது. கயிறு அறுந்தால் கல் தொடுகோட்டில் நேராகப் போகும். அதை வெளியே தள்ள எந்த விசையும் இல்லை. உள்ளே இழுக்க ஆள் இல்லை, அவ்வளவுதான்! இப்படி இழுப்பதே மையநோக்கு விசை. நிறையை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி, ஆரத்தால் வகுத்தால் அதன் அளவு கிடைக்கும். வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு வேண்டும்.

வளைவில் வண்டிக்குக் கயிறு எது? டயருக்கும் தாருக்கும் உள்ள உராய்வுதான். ஆரம் 30 மீட்டர், உராய்வுக் குணகம் 0.6 என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 48 கி.மீ. வரை வண்டி சறுக்காது. மழை பெய்து குணகம் 0.3 ஆகிவிட்டால் 34 கி.மீ.தான்.

இத்தோடு முடிந்ததா என்றால், இல்லை. உராய்வு வேலை செய்வது தரையில். லோடின் ஈர்ப்பு மையமோ உயரத்தில். அதனால் வண்டி வெளிச்சக்கரத்தை ஊன்றிச் சாயப் பார்க்கும். சக்கர அகலத்தில் பாதி 0.9 மீட்டர், ஈர்ப்பு மையம் 2 மீட்டர் உயரம் என்றால் 41 கி.மீ. வேகத்திலேயே கவிழ்ந்துவிடும், அதாவது சறுக்குவதற்கு முன்பே! உயரத்தை 1.2 மீட்டராகக் குறைத்தால் 53 கி.மீ. வரை கவிழாது. இரண்டு கணக்கிலும் நிறை வெட்டுப்பட்டுப் போகிறது, கவனித்தீர்களா? ஓவர்லோடு என்றால் எல்லோரும் டன்னைத்தான் பார்க்கிறோம். அடுக்கிய உயரத்தை அல்லவா முதலில் அளக்க வேண்டும்!

கரும்பு ஆலைக்குள் போன பிறகும் இதே பாடம்தான். சர்க்கரைப் படிகத்தையும் மொலாசஸையும் பிரிக்கும் சென்ட்ரிஃபியூகல் மெஷினில் ஓட்டை போட்ட கூடை சுழல்கிறது. ஆரம் 0.6 மீட்டர், நிமிடத்துக்கு 1200 சுற்று என்றால் முடுக்கம் புவியீர்ப்பைப் போல ஏறத்தாழ 970 மடங்கு. படிகத்தைச் சல்லடை உள்நோக்கி அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. பாகுக்கு ஓட்டையில் பிடிமானம் இல்லை, ஓடிவிடுகிறது.

சரி, கயிறும் டயரும் கூடையும் இல்லாத நிலாவை யார் பிடித்திருக்கிறார்கள்? 1687-இல் வெளியான பிரின்சிபியாவில் நியூட்டன் இந்தக் கணக்கைப் போட்டார். நிலாவின் தூரம் பூமியின் ஆரத்தைப் போல 60 மடங்கு. தூரத்தின் வர்க்கப்படி ஈர்ப்பு குறையும் என்றால் 9.8-ஐ 3600-ஆல் வகுக்க வேண்டும்: 0.0027. இப்போது ஈர்ப்பை மறந்துவிட்டு, 3,84,000 கி.மீ. ஆரத்தில் 27.3 நாளில் ஒரு சுற்று என்று வட்ட இயக்கச் சூத்திரத்தில் போடுங்கள். அதே 0.0027! கால்குலேட்டரை எடுத்து நீங்களே ஒருமுறை தட்டிப் பாருங்கள். நாள்களை விநாடிகளாகவும் கிலோமீட்டரை மீட்டராகவும் மாற்ற மறக்காதீர்கள்.